மூன்று பை சிமெந்தும் இருபது பை சிமெந்தும்

சிம்பாங் ரெங்கத்தில் என் அக்காவின் வீடு தாமானின் கடைசி வீடு. அதற்கு அப்பால் செம்பனைதான். அத்தான் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதியில் வந்த பணத்தில் வீட்டை வாங்கி, மீதியைப் பத்திரமாக வைத்திருந்தார். வீட்டின் பக்கவாட்டில் இருந்த கம்பிவேலி துருப்பிடித்துச் சாய்ந்துவிட்டது. ராத்திரியில் காட்டுப்பன்றி வருகிறது, பேரப்பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பாம்பு வருகிறது. ஒரு மதில் சுவர் எழுப்பிவிடலாம் என்று முடிவானது.

நீளம் 12 மீட்டர், உயரம் 1.8 மீட்டர். நம்மவர் கணக்கில் சொன்னால் நாற்பது அடிக்கு ஆறடி. அக்கம்பக்கத்தில் பலருக்கும் வேலை செய்த ஒரு கொத்தனாரை அத்தான் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார், டேப் வைத்து அளந்தார், நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். செங்கல் 1650. சிமெந்து 20 பை. மணல் நான்கு டன். ஜல்லி இரண்டரை டன். கம்பி தனியாக. கூலி தனியாக.

அக்கா மகன் சிங்கப்பூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். படித்த பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். பட்டியலின் படத்தை அனுப்பியதும் கைப்பேசியிலேயே போட்டுப் பார்த்தான். 12 பெருக்கல் 1.8 என்றால் 21.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 60 கல் வீதம் 1296 கல். சாந்துக்கு மூன்று பை சிமெந்து. என்னைக் கூப்பிட்டபோது அவன் குரலில் கோபம் தெரிந்தது.

"மாமா, மூணு பை வேண்டிய இடத்துல இருபது பைன்னு எழுதியிருக்காரு. அப்பா ஏமாந்தவருன்னு நினைச்சுட்டாரு போல. நான் பேசி முடிச்சுட்டேன். புதுப் பட்டியல் குடுத்துட்டாரு, விலையும் குறைஞ்சிடுச்சு."

அந்தப் புதுப் பட்டியலையும் அனுப்பினான். செங்கல் 1450, சிமெந்து 15 பை. கம்பி என்ற வரியே அதில் இல்லை.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அன்றிரவு உட்கார்ந்தேன். இந்த வாரப் பகுதி அந்தக் கணக்குதான். கடந்த சில மாதங்களில் அடுப்படி இழுத்துக் கட்டுவது, கார் நிறுத்தத்துக்குச் சுவர் வைப்பது என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். கையில் ஒரு பென்சில் இருந்தால் போதும்.

முதலில் செங்கல். நம் நாட்டில் வழக்கத்தில் உள்ள செங்கல் ஆங்கிலேயர் அளவை ஒட்டியது. 215 மில்லிமீட்டர் நீளம், 102.5 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் உயரம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து 10 மில்லிமீட்டர். ஆக, சுவரில் ஒரு கல் பிடிக்கும் இடம் 225-க்கு 75. ஒரு சதுர மீட்டரை இதனால் வகுத்தால் 59 கல்லும் கொஞ்சமும் வரும். அதைத்தான் 60 என்று சொல்கிறார்கள். அடிக்கணக்கில் சதுர அடிக்கு ஐந்தரைக் கல். இது நாலரை இஞ்சு சுவருக்கு, அதாவது ஒற்றைக் கல் தடிமனுக்கு. ஒன்பது இஞ்சு சுவர் என்றால் இரண்டு மடங்கு, சதுர மீட்டருக்கு 120.

அந்த அளவில் ஓர் அழகு இருக்கிறது. இரண்டு கல்லின் அகலத்தையும் நடுவில் ஒரு சாந்தையும் கூட்டுங்கள். 102.5, 10, 102.5. சரியாக 215, அதாவது ஒரு கல்லின் நீளம். அதனால்தான் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாலும் சுவர் பிசகாமல் எழும்புகிறது. இது ஆங்கிலேயர் கண்டுபிடித்த புதுமையல்ல. சிந்துவெளி நகரங்களில் 4500 ஆண்டுகளுக்கு முன் சுட்ட செங்கல்களும் உயரம் ஒரு பங்கு, அகலம் இரண்டு பங்கு, நீளம் நான்கு பங்கு என்ற கணக்கில்தான் இருந்தன. செங்கல் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் இன்னொரு ஊர் பிரிக்ஃபீல்ட்ஸ். 1881-இல் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் அழிந்தது. இனிக் கட்டடங்களைச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்டவேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகளை நிறுவிய இடம்தான் பின்னாளில் நம்மவர் இரயில்வே குடியிருப்புகளோடு குட்டி இந்தியா ஆனது. பெயரில் மட்டும் இன்னும் செங்கல் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன 60 என்பது எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. இங்கே ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் சிமெந்துக் கல் பல சமயம் அளவில் சிறியது. 200-க்கு 60 உள்ள கல் என்றால் சதுர மீட்டருக்கு 68 தேவைப்படும். நூற்றுக்குப் பதினைந்து கல் கூடுதல். கடைக்குப் போனால் பத்துக் கல்லைத் தலையும் வாலுமாகத் தரையில் வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். பத்தால் வகுத்தால் உண்மையான நீளம் கிடைத்துவிடும். ஒரே ஒரு கல்லை எடுத்து அளந்தால் ஏமாறுவோம். சுட்ட கல் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது.

அக்கா வீட்டுச் சுவரை நான் பரப்பளவில் கணக்கிடவில்லை. கல்லை எண்ணினேன். 12 மீட்டர் நீளத்தில் ஐந்து கான்கிரீட் தூண், மூன்று மீட்டருக்கு ஒன்றாக. ஒவ்வொரு தூணும் ஒன்பது இஞ்சு. தூண்களைக் கழித்தால் நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் 2.72 மீட்டர். அதில் ஒரு வரிக்குச் சரியாகப் பன்னிரண்டு கல் உட்காரும். உயரம் 1.8 மீட்டர் என்றால் இருபத்து நான்கு வரி. பன்னிரண்டு, நான்கு, இருபத்து நான்கு. பெருக்கினால் 1152.

மருமகன் போட்ட 1296-ஐ விட இது குறைவு. தூண் இருக்கும் இடத்தில் கல் கிடையாது என்பதை அவன் கழிக்கவில்லை. அப்படியானால் கொத்தனார் 1650 கேட்டது எதற்கு?

சுவர் தரையில் தொடங்குவதில்லை. மண்ணுக்கடியில் கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதன்மேல் நான்கு வரி கல் எழுப்பித்தான் தரைமட்டத்துக்கு வரும். அந்த நான்கு வரியையும் அவர் ஒன்பது இஞ்சு தடிமனில் கணக்குப் பண்ணியிருக்கிறார். ஒரு வரிக்கு ஓர் இடைவெளியில் 24 கல். நான்கு இடைவெளி, நான்கு வரி, ஆக 384. இரண்டையும் கூட்டினால் 1536. உடைசல், வெட்டு, கோணல் கல் என்று நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1613. அவர் கேட்டது 1650. முப்பத்தேழு கல் கூடுதல். லோரியிலிருந்து இறக்கும்போதே அந்த அளவுக்கு உடைவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சிமெந்து. இதுதான் பலருக்கும் பிடிபடாத இடம்.

ஒரு சதுர மீட்டர் நாலரை இஞ்சு சுவரின் மொத்தக் கனஅளவு 102 லிட்டர். அதில் கல்லே 85 லிட்டரைப் பிடித்துக்கொள்கிறது. மீதி பதினேழு, பதினெட்டு லிட்டர்தான் சாந்து. கரண்டியிலிருந்து விழுவது, பிதுங்கி வழிவது, கல்லின் குழியில் நிறைவது எல்லாம் சேர்த்து 22 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

50 கிலோ சிமெந்துப் பை ஒன்று 35 லிட்டர். ஒரு பங்கு சிமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்றால் சேர்ந்து 210 லிட்டர் வரவேண்டும். ஆனால் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் 160 லிட்டர்தான் இருக்கும். மணலுக்கு நடுவே இருந்த காற்றிடத்தில் சிமெந்து போய் உட்கார்ந்துவிடும். இந்த 160 என்ற எண்ணை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு ஜல்லி என்று போடும் கான்கிரீட்டிலும் ஒரு பைக்குக் கிட்டத்தட்ட இதே 160 லிட்டர்தான் கிடைக்கும். ஆகவே சாந்து, பூச்சு, கான்கிரீட் மூன்றையும் லிட்டரில் கூட்டி 160-ஆல் வகுத்தால் எத்தனை பை என்று தெரிந்துவிடும். மணலை ஆறு பங்காக்கினால் பைக்கு 190 லிட்டர் அளவில் வரும். அது உள்சுவருக்குப் போதும். மழையில் நனையும் மதிலுக்கு நான் ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.

அக்கா வீட்டுக் கணக்கு இதோ. தரைக்கு மேலுள்ள சுவர் கட்டச் சாந்து 430 லிட்டர். தரைக்கு அடியில் 180 லிட்டர். சேர்த்தால் நான்கு பைக்குக் கொஞ்சம் குறைவு. மருமகன் சொன்ன மூன்று பை இதற்குள் அடங்கிவிட்டது. அவன் கணக்குத் தப்பில்லை, அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

அடுத்தது பூச்சு. சுவரின் இரண்டு பக்கமும், தூண்களும், மேல்விளிம்பும் சேர்த்தால் 45 சதுர மீட்டர். பதினைந்து மில்லிமீட்டர் தடிமனில் பூசினால் சதுர மீட்டருக்கு 15 லிட்டர். கல் இடுக்குகளில் போவதையும் கீழே விழுவதையும் சேர்த்து 18. மொத்தம் 810 லிட்டர், ஐந்து பை. சுவர் கட்டுவதைவிடச் சுவரைப் பூசுவதற்குத்தான் சிமெந்து அதிகம் ஆகிறது. வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களே இதைக் கேட்டால் நம்ப மறுப்பார்கள். ஒரு பக்கம் செம்பனைக் காடுதானே, அந்தப் பக்கம் பூசாமல் விடலாமா என்று அக்கா கேட்டாள். சுட்ட நல்ல கல்லாக இருந்து, இடுக்குகளை அழுத்தமாகத் தேய்த்து விட்டால் விடலாம். சிமெந்துக் கல் என்றால் வேண்டாம். ஈரம் குடிக்கும்.

கடைசியாகக் கான்கிரீட். அடித்தளம் 12 மீட்டர் நீளம், 450 மில்லிமீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் ஆழம். 1080 லிட்டர். ஐந்து தூண்களும் அடித்தளத்திலிருந்து 2.1 மீட்டர் உயரம். 530 லிட்டர். இரண்டுக்கும் சேர்த்துப் பத்துப் பை.

நான்கு, ஐந்து, பத்து. பத்தொன்பது பை. அவர் எழுதியது இருபது.

மணலுக்கும் இதே முறைதான். சுமார் இரண்டேகால் கன மீட்டர் வருகிறது. எடையில் மூன்றரை டன்னுக்குச் சற்று மேல். கொத்தனார் கேட்டது நான்கு டன். ஆனால் மணலில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஜொகூரில் மணல் காய்ந்து கிடக்கும் நாள் குறைவு. ஈரமணல் உப்பும். மணல் துகளைச் சுற்றிப் படியும் நீர்ப்படலம் ஒன்றை ஒன்று தள்ளி நிறுத்துவதால், லேசாக நனைந்த மணல் காய்ந்த மணலைவிட இருபது, முப்பது விழுக்காடு கூடுதல் இடம் பிடிக்கும். வாளியால் அளந்து ஐந்து வாளி போட்டால் உண்மையில் நான்கு வாளிதான் விழுகிறது. மணல் மிஞ்சும், சிமெந்து முன்னதாகவே தீர்ந்துவிடும். இந்த இடத்தில்தான் எத்தனையோ வீடுகளில் "பை எங்கே போச்சு?" என்ற சந்தேகம் கிளம்பி, கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லாமல் போயிருக்கிறது. பையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மழை போட்ட கணக்கு அது.

ஆக, முதல் பட்டியல் நேர்மையான பட்டியல். சரி, இரண்டாவது?

1650-லிருந்து 1450. இருநூறு கல் எங்கே குறைந்தது என்று தேடினேன். தரைக்கு மேல் ஒரு வரியைக்கூடக் குறைக்க முடியாது. அத்தானுக்கு ஆறடி வேண்டும், குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கடியில் ஒன்பது இஞ்சாக இருந்த நான்கு வரியை நாலரை இஞ்சு ஆக்கினால் 384 பாதியாகி 192 மிச்சம். கணக்கு ஒத்துவந்தது. ஐந்து பை சிமெந்து? அடித்தளத்தின் அகலத்தை 300-க்கும் ஆழத்தை 150-க்கும் இறக்கினால் மூன்று பைக்கு மேல் மிச்சமாகும். பூச்சைக் கொஞ்சம் மெலிதாக்கினால் ஒரு பை. மண்ணுக்கடியில் சாந்து குறைந்ததில் முக்கால் பை. அதுவும் ஒத்துவந்தது. பிறகு கம்பி, மொத்தமாக இல்லை.

மறுநாள் கொத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வயதில் என்னைவிட மூத்தவர்.

"அண்ணே, ரெண்டாவது பட்டியல்ல தூணுக்குக் கம்பி காணோமே?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார். "தம்பி வெலையக் கொறைக்கச் சொன்னாரு. மூணு பைதான் ஆகும், நீங்க இருபது போட்டிருக்கீங்கன்னாரு. எனக்கு வேற வேலையும் இல்ல இந்த மாசம். நான் சுவரைக் கொறைச்சேன்."

அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். முடியாது, இதற்குக் கீழே கட்ட மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கவேண்டும். சுவரின் கீழே விளையாடப் போவது பிள்ளைகள். ஆனால் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது நம் வீட்டுப் பிள்ளையின் அரைக் கணக்கு. அதையும் மறைக்க முடியாது.

அந்தக் கம்பி எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஐந்து தூண், தூணுக்கு நான்கு கம்பி, அடித்தளத்தில் வளைந்து நிற்பதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 2.4 மீட்டர். இருபது துண்டு. 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஒன்றை வெட்டினால் ஐந்து துண்டு. நான்கே நான்கு கம்பி. மொத்த எடை 43 கிலோவுக்குள். அதைச் சுற்றிக் கட்ட 6 மில்லிமீட்டர் வளையங்கள் கொஞ்சம். நான்கு வரிக்கு ஒருமுறை சாந்தில் விரிக்கும் எக்ஸ்மெட் வலை ஒரு சுருள். மொத்தச் செலவில் இது சின்னத் துண்டு.

அது எதற்கு என்று கேட்கிறீர்களா? மதில் சுவருக்குக் கூரையின் பாரம் கிடையாது. வீட்டுச் சுவரைக் கூரையும் குறுக்குச் சுவர்களும் பிடித்து நிறுத்துகின்றன. மதிலை யாரும் பிடிப்பதில்லை. அது தனியே நின்று காற்றைத் தாங்கவேண்டும். கல்லும் சாந்தும் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் ஒரு பக்கம் இழுபடும், அந்த இழுப்பைத் தாங்கும் சக்தி அவற்றுக்கு அநேகமாக இல்லை. கம்பி அந்த இழுப்புக்குத்தான். பிரிட்டனில் வீட்டுக்காரர்களுக்குத் தரப்படும் வழிகாட்டலில், தூண் இல்லாத நாலரை இஞ்சு மதில் அரை மீட்டர் உயரத்தோடு நிறுத்தப்படுகிறது. நாம் ஆறடிக்கு எழுப்புகிறோம். விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் சுமாத்திராக் காற்றைத் தீபகற்பத்தின் இந்தப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பியில்லாத தூண் அந்தக் காற்றில் வெறும் கான்கிரீட் குச்சி.

அடித்தளத்தைச் சுருக்குவதும் அப்படித்தான். நம் நாட்டு மண்ணியலில் ரெங்கம் வகை மண் என்றே ஒரு வகை இருக்கிறது. பக்கத்து ஊரான ரெங்கத்தின் பெயரைத் தாங்கியது. கருங்கல் பாறை மக்கி உண்டான, ஆழமான, மணல் கலந்த களிமண். இரப்பரும் செம்பனையும் செழித்த மண். தோண்டிப் பார்த்து, கலையாத அந்த மண் கிடைத்தால் ஒரு மதிலை அது நன்றாகவே தாங்கும். தாமான் வீடுகளில் சிக்கல் என்னவென்றால், மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித்தான் நிலத்தைச் சமன் செய்திருப்பார்கள். கடைசி வீடுகள் பல நேரம் அந்த நிரப்பிய மண்ணின் ஓரத்தில் நிற்கும். அங்கே அடித்தளம் ஒடுங்கினால் ஒரு மழைக்காலத்தில் சுவர் ஒரு பக்கமாக இறங்கும், பூச்சில் படிக்கட்டுப் போல் விரிசல் ஓடும். பொந்தியான் பக்கம் பீட் மண்ணில் வீடு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே மரக்கட்டை, பைலிங் என்று வேறு கதை. பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னபோது முதலில் அவனுக்கு ஒப்பவில்லை. "இணையத்துல போட்டா மூணு பைன்னுதானே மாமா வருது?" என்றான். வரும். நீளமும் உயரமும் கேட்கும் கணிப்பான் சாந்தை மட்டும் சொல்லும். பூச்சு உண்டா, தூண் உண்டா, மண்ணுக்குள் எவ்வளவு என்று அதை நாம்தான் கேட்கவேண்டும். பிறகு அவனே ஒரு தாளில் வரி வரியாக எழுதிக் கூட்டிப் பார்த்தான். சனிக்கிழமை பாலம் தாண்டி வந்தவன், வீட்டுக்குள் போகாமல் நேரே கொத்தனார் வீட்டுக்குப் போய்விட்டான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. முதல் பட்டியல் திரும்பி வந்தது.

பேரம் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசத்தான் வேண்டும். கூலியில் பேசலாம். கல்லை நாமே கடையில் எடுத்துத் தருவதாகச் சொல்லலாம். பின்பக்கப் பூச்சை விட்டுவிடலாம். ஆறடியை ஐந்தடி ஆக்கலாம். அளவைக் குறைக்காமல் விலையை மட்டும் குறை என்று கேட்கும்போது எதிரில் இருப்பவர் எதைக் குறைப்பார் என்று யோசித்துக் கேட்கவேண்டும். விலைப்பட்டியல் வாங்கும்போது "சுவர் ஒன்று, மொத்தம் இவ்வளவு வெள்ளி" என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். கல் எத்தனை, பை எத்தனை, கம்பி எந்த அளவில் எத்தனை, அடித்தளத்தின் அகலமும் ஆழமும் என்ன, பூச்சு ஒரு பக்கமா இரு பக்கமா என்று எழுதி வாங்குங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் பள்ளத்தையும் கம்பியையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு மண் மூடிவிட்டால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே போனாலும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

இன்னொன்று. மதில்தானே, அதற்கென்ன அனுமதி என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் கட்டடம் என்ற சொல்லுக்குள் சுவரும் வேலியும் அடக்கம். அக்கா வீட்டுக்குச் சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றத்தில் விண்ணப்பித்துத்தான் வேலை தொடங்கியது. அதில் கொஞ்ச நாள் போனது, அத்தான் முணுமுணுத்தார். எல்லைக் கல்லைத் தேடி எடுத்து, அடித்தளம் முழுவதும் நம் பக்கமே இருக்கும்படி கயிறு கட்டினார்கள். சுவர் எல்லையில் நின்றாலும் அடித்தளம் இரண்டு பக்கமும் அகலும் என்பதை மறந்து பக்கத்து நிலத்துக்காரரோடு வழக்காடியவர்கள் உண்டு.

இருபது பையையும் ஒரே நாளில் இறக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் சிமெந்து சீக்கிரம் கட்டி தட்டும். மூன்று மாதம் வைத்த பையில் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். அடித்தளத்துக்கும் தூணுக்கும் பத்து, பிறகு நான்கு, கடைசியில் ஆறு என்று மூன்று முறை வாங்கினார்கள். பலகை மேல் அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி.

வேலை முடிந்தபோது சிமெந்தில் அரைப் பை மீதி. அதில் வாசல் படியின் உடைந்த மூலையைக் கொத்தனார் பூசிக் கொடுத்தார், அதற்குக் கூலி வாங்கவில்லை. கல்லில் மீந்தது நாற்பத்தொன்று. உடையாதவற்றைப் பொறுக்கி அக்கா பின்வாசலில் அடுக்கி வைத்திருக்கிறாள், தை மாதம் பொங்கல் பானைக்கு அடுப்புக் கூட்ட.